சுவர் தொடும் வித்தை

நீச்சல் போட்டியைக் கரையில் நின்று பார்ப்பவர்கள் பாய்ச்சலை ரசிக்கிறார்கள். நடுவழியில் யார் முந்துகிறார் என்று கவனிக்கிறார்கள். முடிவு நெருங்கும்போது எந்தக் கை முதலில் சுவரில் படிகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். அந்தக் கை முந்துவதும் பிந்துவதும் பெரும்பாலும் சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னதாகவே நிச்சயமாகிவிடுகிறது என்பதையும், தவளை நீச்சலில் இது மற்ற நீச்சல் வகைகளைக் காட்டிலும் அதிக உண்மை என்பதையும், அதிலேயே இளமையைக் கழித்தவர்கள்தாம் நன்கு அறிவார்கள். எனக்கு இந்த ஞானத்தின் முதல் பாடம் சிவகிரியில் ஓர் இறவைக் கிணற்றின் கல் சுவரில் கிடைத்தது. பிற்பாடு ஆற்றிலும் குளத்திலும் பெற்ற பயிற்சியெல்லாம் அந்தப் பாடத்துக்கு எழுதப்பட்ட வியாக்கியானம் என்றே இன்றளவும் கருதி வருகிறேன்.

சிவகிரி, இராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில், வாசுதேவநல்லூருக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். பாளையமாக இருந்து, ஜமீனாக மாறி, நான் பிறந்த காலத்தில் திருநெல்வேலி ஜில்லாவில் அடங்கியிருந்து, 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபோது அதனோடு சேர்ந்தது. குற்றாலத்தில் ஆனியிலும் ஆடியிலும் சாரல் விழுந்து அருவிகள் ஆர்ப்பரிக்கும் நாட்களில் எங்கள் ஊருக்குப் பெரும்பாலும் குளிர்ந்த காற்றுதான் வந்து சேரும். எங்கள் கண்மாய்களை நிரப்புவது ஐப்பசி, கார்த்திகை மழை. கண்மாய் நிறைந்தால் அதற்குக் கீழே உள்ள வயல்வெளிக் கிணறுகளிலும் ஊற்று ஏறும். கண்மாய் வற்றினால் கிணறுகளும் இறங்கும்.

இதனால் ஒரே கிணறு வருஷத்தில் பல கிணறுகளாக மாறியது. கார்த்திகையில் தண்ணீர் விளிம்புக்கு ஓர் ஆள் உயரத்தில் வந்து நிற்கும். அப்போது நாங்கள் நீந்திப் போய்த் தொடும் சுவர், கொத்தனார் செதுக்கி அடுக்கிய கற்களால் ஆனது, கைக்கு வழுவழுப்பானது. தை பிறந்து நீர் இறங்கத் தொடங்கியதும், சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் படிக்கற்கள், பாசி படிந்த விளிம்புகளோடு, ஒவ்வொன்றாகத் தலை காட்டும். சித்திரையில் கட்டுமானம் முழுவதும் எங்கள் தலைக்கு மேலே போய்விட, வெடி வைத்துப் பிளந்த பாறையின் முனைகளும், மோட்டார்க் குழாயும், பாறை இடுக்கில் சுருண்டு கிடக்கும் தண்ணீர்ப் பாம்புமே எங்களைச் சூழ்ந்திருக்கும். கார்த்திகையில் தொட்ட சுவர் சித்திரையில் இல்லை. ஆகவே, எதிர்ச்சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அதில் கை வைக்கத் தகுந்த இடம் எது, அங்கே போய்ச் சேர இன்னும் எத்தனை வீச்சு வேண்டும் என்பதையெல்லாம் நீரில் இருந்தபடியே கண்ணால் அளந்துகொள்ளும் பழக்கம் எங்களுக்கு யாரும் சொல்லாமலே வந்துவிட்டது.

என் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீரில் இறக்கியவர் என் தாய்மாமா. குடுக்கை அவிழ்ந்த பிறகு அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது தவளை நீச்சல். ஏனெனில் தலை நீருக்கு மேலே இருப்பதால் போகும் வழி தெரியும், சத்தம் எழாது, களைப்பும் மெதுவாகவே வரும். கிணறு எவ்வளவு அகலமானாலும் ஐந்தாறு வீச்சில் எதிர்ச்சுவர் வந்துவிடும். அவ்விடத்தில்தான் மாமா கண்டிப்புக் காட்டினார். “ஏலே மருமவனே, கல்லுக்கிட்ட போயி யோசிக்காத, எட்டத்துலயே யோசிச்சிரு. ரெண்டு கையையும் ஒண்ணா நீட்டி வை. ஒத்தக் கைய நீட்டுனா தோளு திரும்பி மூஞ்சி கல்லுல மோதும்” என்பார். படிக்கல்லின் கூர்மையான மூலை நெற்றிக்கு நேரே வந்துகொண்டிருக்கும்போது அந்த வார்த்தையின் நியாயம் உடனே விளங்கும். போட்டி விதி என்ற ஒன்று இருப்பதையே அறியாத அந்த மனிதர், விதி கேட்கும் இரு கைத் தொடுதலைச் சரீரத்தின் பாதுகாப்பை முன்னிட்டே எனக்குப் பழக்கினார். அவரிடம் கற்றவர்களில் ஒருவனாவது ஒற்றைக் கையால் சுவரைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 50 மீட்டர் நீளமுள்ள குளத்தில் பழகுகிறவன் ஒரு நீளம் முழுவதையும் கடந்த பிறகே சுவரைச் சந்திக்கிறான். கிணற்றில் பழகுகிறவனுக்கோ தொடக்கமும் முடிவும் அடுத்தடுத்து வருவதால், அவனுடைய நீச்சலில் பாதி சுவரை நெருங்கும் நீச்சலாகவே அமைந்துவிடுகிறது. எங்கள் பக்கத்துப் பையன்களிடம் நீண்ட தூரத்துக்கான நிதானம் குறைவாக இருந்ததுண்டு. சுவரிடம் தடுமாற்றம் இருந்ததில்லை.

கல்லூரிப் படிப்புக்காகப் பாளையங்கோட்டைக்குப் போனபின் மாலை வேளைகளில் தாமிரபரணியில் நீந்தினேன். ஆறு மூச்சைக் கொடுத்தது, தோள்களுக்கு வலிமை கொடுத்தது, ஆனால் அதில் தொடுவதற்குச் சுவர் இல்லை. பிறகு ஒரு கோடை விடுமுறையில் சென்னையில் நடந்த பயிற்சி முகாம் ஒன்றில் சேர்ந்தேன். அங்கே எங்களுக்கு வாய்த்த பயிற்சியாளர் நடுத்தர வயதினர், அதிகம் பேசாதவர். மற்றவர்கள் குளத்தின் பக்கவாட்டில் நடந்துகொண்டே உரக்கக் கத்துவார்கள்; இவரோ முடிவுச் சுவரின் மேல் குந்தியிருந்து, நாங்கள் கடைசி ஐந்து மீட்டருக்குள் நுழையும்போது மட்டும் குனிந்து பார்ப்பார். கை சுவரில் பட்டதும், “தம்பி, நீட்டமாப் போயிட்டே” என்பார், அல்லது “குறுக்கிட்டே” என்பார். இந்த இரண்டு சொற்களுக்குள் தவளை நீச்சலின் முடிவைப் பற்றிய சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருந்தது.

அதை விரித்துச் சொல்கிறேன். தவளை நீச்சலில் வேகம் சீராக ஓடுவதில்லை; நான்கு நீச்சல் முறைகளில் ஏற்ற இறக்கம் மிகுந்தது இதுவே. கைகள் அகன்று நீரை வாரி மார்புக்குக் கீழே கூடும்போது தலை எழும்பி மூச்சு வாங்குகிறது. அதே சமயத்தில் முழங்கால்கள் மடிந்து குதிகால்கள் பிட்டத்தை நோக்கி வருகின்றன. தொடைகள் நீரோட்டத்துக்குக் குறுக்கே நிற்பதால் அந்த க்ஷணத்தில் உடம்பு ஏறக்குறைய நின்றே போகிறது. அடுத்து, பாதங்கள் வெளிப்புறமாகத் திரும்பி நீரைப் பிடித்து உதைத்து ஒன்று சேர, கைகளும் முன்னே நீண்டு உடம்பு ஒரே கோடாக அமையும்போதுதான் உச்ச வேகம் பிறக்கிறது. பிறகு நழுவல், நழுவும் ஒவ்வொரு கணமும் அந்த வேகம் கரைந்துகொண்டே போகிறது. ஆகையால் சுவரைத் தொடுவதற்கு ஒவ்வொரு சுற்றிலும் உத்தமமான தருணம் ஒன்றே ஒன்றுதான் உண்டு: உதை முடிந்து, கைகள் முழு நீளத்துக்கு நீண்டு, நழுவல் தொடங்கும் அந்த இடம். சுவர் அதற்கு அப்பால் இருந்தால், வேகம் செத்துக்கொண்டிருக்கும் உடம்போடு காத்திருந்து தொட வேண்டும். எங்கள் பயிற்சியாளர் அதைத்தான் நீட்டம் என்றார். சுவர் அதற்கு இப்பால் வந்துவிட்டால், முழங்கை மடிந்தபடியே, உதையின் பலன் முன்னே செல்ல வழியில்லாமல் சுவரில் முட்ட வேண்டும். இருட்டில் படி இறங்குகிறவன் இன்னொரு படி இருப்பதாக எண்ணித் தரையில் காலை ஊன்றும்போது உடல் முழுவதும் அதிர்வது போன்ற ஓர் அதிர்ச்சி அப்போது தோளில் இறங்கும். அது குறுக்கீடு. இரண்டில் எது அதிகக் கேடு என்று கேட்டால், நழுவிக் காத்திருப்பதே என்று சொல்வேன். குறுக்கிட்டவனுக்கு வேகமாவது கையில் இருக்கிறது.

இந்த இரண்டையும் தவிர்ப்பதற்குக் குளமே சில அடையாளங்களை வைத்திருக்கிறது. சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால், மல்லாந்து நீந்துகிறவர்களுக்காக மேலே கொடித் தோரணம் கட்டியிருப்பார்கள். தவளை நீச்சல்காரன் ஒவ்வொரு சுற்றிலும் மூச்சுக்கு எழும்புகிறவன் ஆதலால் அதைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். தடம் பிரிக்கும் கயிற்றின் மிதவைகளும் கடைசி ஐந்து மீட்டருக்கு நிறம் மாறும். குளத்தின் அடித்தரையில் ஓடும் கருங்கோடு சுவருக்கு இரண்டு மீட்டர் முன்னே குறுக்குக் கோட்டோடு முடிந்துவிடும். கொடிக்குக் கீழே வரும்போது தான் சுற்றின் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதை அறிந்தவன், மிச்சமிருக்கும் வீச்சுகளில் ஒரு நழுவலைச் சற்றே சுருக்கியோ, ஒரு வீச்சைச் சற்றே அகட்டியோ கணக்கைச் சரிக்கட்டிவிடுவான். இந்தத் திருத்தம் கொடியின் அருகில் செய்யப்பட்டால் யாருக்கும் தெரியாது. சுவரின் அருகில் செய்யப்பட்டால் குளம் முழுவதும் தெரியும். அதோடு, களைப்பு கணக்கை மாற்றும் என்பதையும் மறக்கலாகாது. இளைப்பில்லாத முதல் நீளத்தில் கொடியிலிருந்து சுவருக்கு மூன்று சுற்றுப் போதுமாயிருக்கும் ஒருவனுக்கு, 200 மீட்டர் பந்தயத்தின் கடைசி நீளத்தில் நான்கு தேவைப்படலாம். ஆதலால் உடம்பு ஓய்ந்த நிலையிலும் இந்த எண்ணிக்கையைப் பழகி வைத்திருக்க வேண்டும். எங்கள் பயிற்சியாளர் மற்ற எல்லாப் பயிற்சியும் முடிந்து நாங்கள் துவண்டு நிற்கும் நேரம் பார்த்தே முடிவுப் பயிற்சியைத் தொடங்கினார். அப்போது மனசுக்குள் அவர்மேல் வருத்தப்பட்டவர்கள் எங்களில் பலர்.

கடைசி வீச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய சுற்றுகளில் முழங்கைகள் நீருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது விதி. முடிவு வீச்சுக்கும் திருப்பத்துக்கும் மட்டுமே அதில் விலக்கு உண்டு. ஆதலால் இறுதியில் கைகளை நீரின் மேலாகவே வீசிப் பாயலாம். நீரைக் கிழித்துக்கொண்டு போவதைவிடக் காற்றில் கை விரைந்து செல்லும். அப்போது எல்லாருக்கும் தோன்றும் ஆசை சுவரைப் பார்க்க வேண்டும் என்பது. பார்ப்பதற்காகத் தலையை நிமிர்த்தினால் இடுப்பு தாழும். இடுப்பு தாழ்ந்தால் கால்கள் தாழும். நீர் மார்பில் மோதித் தடுக்கும். மோவாயைத் தாழ்த்தி, பார்வையைக் கீழே நாட்டி, தோள்கள் காதுகளைத் தொடும் அளவுக்கு முன்னே தள்ளினால், கையின் நீளம் சில சென்டிமீட்டர் கூடிவிடுகிறது. உள்ளங்கையைப் பதிக்க நினைப்பவன் மணிக்கட்டை மடித்து அந்தச் சென்டிமீட்டர்களை இழக்கிறான். விறைத்து நீட்டிய விரல் நுனிகளே முதலில் சென்று சேர வேண்டும். சேரும்போது தயக்கம் இருக்கக் கூடாது. சுவருக்கு அப்பால் உள்ள எதையோ பிடிக்கப் போகிறவன் போலத் தள்ள வேண்டும். இப்போதெல்லாம் சுவரில் மாட்டியுள்ள மின்பலகை ஓரளவு அழுத்தம் கண்டாலொழியக் கடிகாரத்தை நிறுத்தாது.

நாங்கள் போட்டியிட்ட காலத்து விதிகள் இவற்றில் சிலவற்றுக்கு இடம் கொடுக்கவில்லை. பாய்ச்சலுக்கும் திருப்பத்துக்கும் பின் வரும் முதல் வீச்சு நீங்கலாக, தலையின் ஒரு பகுதி எப்போதும் நீருக்கு மேலே தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். முழுகினால் தகுதி போயிற்று. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஜப்பானியரான மசாரு ஃபுருகாவா பெரும்பாலும் நீருக்கடியிலேயே நீந்தி 200 மீட்டர் தங்கத்தை வென்ற பிறகு, அந்த வழியை அடைப்பதற்காக வந்த கட்டுப்பாடு அது. 1987-இல்தான், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை தலை நீர் மட்டத்தைப் பிளந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அதன் பின் வந்த பிள்ளைகள் முகத்தை நீருக்குள் புதைத்துக் கைகளோடு சேர்த்து எய்து முடிப்பதைப் பார்க்கும்போது, எங்கள் தலைமுறைக்குக் கிட்டாத ஓர் அழகு அதில் இருப்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன்.

கடைசித் தொடுதலில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் சரித்திரங்கள் சில உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் அமெரிக்கரான லான்ஸ் லார்சனுக்கு மூன்று நிறுத்துக் கடிகாரங்களும் குறைந்த நேரத்தைக் காட்டியிருந்தும், கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன நடுவர்கள் ஆஸ்திரேலியரான ஜான் டெவிட்டுக்கே தங்கத்தை வழங்கினார்கள். மனிதக் கண்ணை நம்பிய அந்த ஏற்பாட்டுக்கு மாற்றாக, சுவரில் மாட்டும் மின்பலகை 1967-இல் வின்னிபெக் நகரில் நடந்த பான் அமெரிக்கப் போட்டிகளில் முதன்முதலாக வந்தது. 2008 பெய்ஜிங்கில், வண்ணத்துப்பூச்சி நீச்சலில், முன்னால் வந்த மிலோராத் சாவிச் கைகளை நீட்டி நழுவிக் காத்திருக்க, மைக்கேல் ஃபெல்ப்ஸ் இன்னும் ஓர் அரை வீச்சை இட்டு நிரப்பி 50.58 விநாடியில் தொட்டார், சாவிச்சுக்கு 50.59. எங்கள் பயிற்சியாளர் அங்கே சுவரின் மேல் குந்தியிருந்தால் சாவிச்சிடம் என்ன சொல்லியிருப்பார் என்பதை நான் அறிவேன். 2024 பாரிஸில் 100 மீட்டர் தவளை நீச்சலில் இத்தாலியரான நிக்கோலோ மார்ட்டினெங்கி 59.03 விநாடியில் முடித்தார். இரண்டு ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து தங்கம் வென்றிருந்த ஆடம் பீட்டியும் அமெரிக்கரான நிக் ஃபிங்க்கும் 59.05 விநாடியில் ஒன்றாகத் தொட்டு வெள்ளியைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தச் சராசரி வேகத்தில் 0.02 விநாடி என்பது மூன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான தூரம். அதாவது ஒரு விரலில் பாதி.

நம் நாட்டிலும் இந்த நீச்சலில் பெயர் வாங்கியவர்கள் உண்டு. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 50 மீட்டர் தவளை நீச்சலில் சந்தீப் செஜ்வால் 28.26 விநாடியில் வெண்கலம் வென்றதை நான் பையன்களிடம் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. ஆனால் எங்கள் பக்கத்தில் நீச்சல் என்றால் ஜனங்களுக்கு முதலில் நினைவு வருவது குற்றாலீசுவரனே. 1966-இல் ஒரே ஆண்டில் ஐந்து நீரிணைகளைக் கடந்த மிஹிர் சென்னின் சாதனையை, 1994-இல் ஆறு நீரிணைகளைக் கடந்து முறியடித்த சிறுவன் அவன். குற்றாலத்து ஈசன் பெயரைத் தாங்கியவன் ஆதலால் எங்கள் ஊர்ப் பெண்கள் சொந்தப் பிள்ளையைப் போல அவனைப் பற்றிப் பேசினார்கள். கடல் நீச்சல் வேறு தர்மம். 1875-இல் காப்டன் மாத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயை 21 மணி 45 நிமிஷத்தில் கடந்தது இதே தவளை நீச்சலில்தான். அவருக்கு முன்னால் சுவர் இல்லை, கரையேறினால் போதுமானதாக இருந்தது.

படிப்பு முடிந்து ஆசிரியனாக ஊர் திரும்பிய பின், பள்ளிப் பிள்ளைகள் சிலரைக் கிணற்றிலேயே பழக்கிப் போட்டிகளுக்கு அழைத்துப் போனேன். அவர்களில் எலுமிச்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பையன், ஒல்லியானவன், அற்புதமான உதை உடையவன். ஒரு போட்டியில் அவன் எல்லாருக்கும் முன்னே வந்தான். பக்கத்துத் தடத்தில் ஒருவன் நெருங்கி வருவதை உணர்ந்த பதற்றத்தில் அவனுடைய வலக்கை இடக்கைக்கு முன்னால் சுவருக்குப் போய்விட்டது. சுவர்முனை நடுவர் கையை உயர்த்தினார். தீர்ப்பு முற்றிலும் நியாயமானது. விதி இரு கைகளும் ஒரே சமயத்தில் தொட வேண்டும் என்கிறது, இன்றைய விதியோ கைகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பிரிந்திருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. பையன் நீரிலிருந்து ஏறாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “சார், நாந்தான முதல்ல வந்தேன்?” என்று கேட்டான். “ஆமய்யா, நீதான் முதல்ல வந்தே; கைதான் ஒண்ணா வரல” என்றேன். பிறகு விசாரித்தபோது காரணம் தெரிந்தது. எங்கள் கிணற்றில் பழகியவன் ஆனாலும், போட்டிக்கு முன் நகரத்துக் குளத்தில் பயிற்சி பெற்ற நாட்களில், ஒவ்வொரு நீளத்தின் முடிவிலும் சுவரில் ஒற்றைக் கையை வைத்து நின்று மூச்சு வாங்கும் வழக்கம் அவனுக்குத் தொற்றியிருந்தது. அங்கே படிக்கல்லும் இல்லை, நெற்றி மோதும் பயமும் இல்லை. தடுக்க ஒருவரும் இல்லை. பதற்றத்தில் உடம்பு தன் அண்மைக்காலப் பழக்கத்தையே நாடிற்று. மறுவருஷம் அவன் அதே போட்டியில் வென்றான். இடைப்பட்ட மாதங்களில் பயிற்சியின்போது ஒரு முறைகூட அவனை ஒற்றைக் கையால் சுவரைத் தொட நான் அனுமதிக்கவில்லை.

சிவகிரியிலும் வாசுதேவநல்லூரிலும் புளியங்குடியிலும் இன்று குழந்தைகளுக்கு நீச்சல் கற்பிக்கும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். கிணறுகள் குறைந்தாலும் அந்த ஆர்வம் குறையவில்லை. அவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பிள்ளை எவ்வளவு களைத்திருந்தாலும், போட்டி என்ற நினைப்பே அவனுக்கு இல்லாவிட்டாலும், சுவருக்கு ஒரு முழம் முன்னால் கால் ஊன்றி நிற்க விடாதீர்கள்; இரு கைகளும் ஒருசேர நீண்டு சுவரில் பட்ட பிறகே அந்த நீளத்தைக் கணக்கில் சேருங்கள்.